மின்னாவணம்

மின்னாவணம் (பெயர்ச்சொல்): மின் + ஆவணம். கணினியிலோ கைப்பேசியிலோ உருவாக்கி, சேமித்து, அனுப்பக்கூடிய பத்திரம்.

‘ஆவணம்’ பழஞ்சொல். கடைத்தெரு என்ற பொருளும் அதற்கு உண்டு; இன்று நிலைத்திருப்பது உரிமைச் சீட்டு என்ற பொருளே. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கே ஓர் அடிமை ஓலையைப் பற்றியது. சுந்தரர் கிழித்தது படி ஓலை; மூல ஓலை, அவரைத் தம் அடிமை என்று உரிமை கோரி வந்த முதியவரிடம் பத்திரமாக இருந்தது. மூலமும் படியும் வேறு என்ற தெளிவு நமக்கு அன்றே இருந்திருக்கிறது.

மின்னாவணத்தின் பரவலான வடிவம் பி.டி.எஃப். அடோபி நிறுவனம் அதை 1993-இல் அக்ரோபேட் மென்பொருளுடன் வெளியிட்டது; 2008-இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க முடிவது அதன் பெரும்பலம். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட மனு, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் புரியாத குறிகளாகச் சிதையும். எழுத்துருவைப் பொதிந்த பி.டி.எஃப்.பில் ‘ழ’ எங்கும் ‘ழ’வாகவே நிற்கும்.

நீலகிரியில் இந்தச் சொல்லுக்கு அன்றாட வேலை இருக்கிறது. கோத்தகிரியில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் பட்டா, சிட்டாவை இணையத்திலேயே பதிவிறக்கலாம். அதிலுள்ள கியூ.ஆர். குறியீடு உண்மையைச் சரிபார்க்க உதவுகிறது. மின்பதிவுக்குச் சட்ட ஏற்பு தந்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நிற்கும் நாளிலும், மின்னாவணம் வட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேரும். மலைமக்களுக்கு இது பெரிய வசதி. போற்ற வேண்டிய வசதி.