தங்க வேட்டைக்குப் பின் வந்த கவிஞர்: ராபர்ட் சர்வீஸும் யூக்கான் வனாந்தரமும்

கனடாவின் வடமேற்கிலுள்ள யூக்கானின் கவிஞர் எனக் கொண்டாடப்படும் ராபர்ட் சர்வீஸ் (1874–1958) தங்கம் தோண்டியவர் அல்லர். க்ளோண்டைக் பகுதியில் தங்கம் அகப்பட்டது 1896 ஆகஸ்டில். டாசன் நகரில் கூட்டம் நெரிந்தது 1898இல். ஸ்காட்லாந்தில் வளர்ந்த சர்வீஸ் வைட்ஹார்ஸுக்கு வந்து சேர்ந்ததோ 1904இல், வங்கி எழுத்தராக. அதற்குள் அங்கே ரயிலே ஓடத் தொடங்கியிருந்தது. இதைக் காட்டி அவரைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. அந்தத் தாமதம்தான் அவர் கவிதைக்கு மூலதனம் என்பது என் வாதம். அக்கவிதை காணத் தவறியவற்றுக்கும் அதுவே காரணம்.

சாம் மெகீ என்பவனின் தகனத்தைச் சொல்லும் அவருடைய கதைப்பாடலையே எடுத்துக்கொள்வோம். விருந்தொன்றில் சுரங்கக்காரர் ஒருவர் சொன்ன கதைதான் அதன் கரு என்று சர்வீஸே தன்வரலாற்றில் எழுதுகிறார். நாயகனுக்கு வைத்தது வங்கியின் வாடிக்கையாளர் ஒருவரின் பெயர். அந்த மனிதர் கனடாவின் ஒன்டாரியோக்காரர். கவிதையில் அவர் அமெரிக்கத் தென்பகுதியின் டென்னசிக்காரராகிவிட்டார். குளிர் தாங்காதவன் வெப்பமான ஊர்க்காரனாக இருந்தால்தானே கதை எடுபடும்! கேள்விக் கதை, பேரேட்டுப் பெயர், மேடையில் உரக்கச் சொல்ல ஏற்ற எதுகையும் சந்தமும்: எல்லாமே மதுக்கூடத்திலும் விருந்திலும் கேட்போரை மனத்தில் வைத்துக் கட்டியவை. தங்கம் தேடியவர்கள் கலையத் தொடங்கிய பிறகு எஞ்சியிருந்தது அவர்களுடைய கதைகள்தாம். அவற்றைத் திரட்டுவதற்கு எழுத்தரின் மேசை தோதான இடம். 1907இல் வெளியான முதல் தொகுப்பே அவருக்குப் பெரும்பணம் ஈட்டித் தந்தது. 1909இல் வேலையை விட்டு, டாசனில் மரக்குடில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து முழுநேர எழுத்தாளரானார்.

நேரடி அனுபவம்தான் கவிதையின் தரத்தை உறுதி செய்யும் என்றால், 1911இல் அவர் மெக்கன்சி ஆற்று வழியாக எட்மன்டனிலிருந்து டாசன் வரை மேற்கொண்ட கடினமான பயணம் உச்சப் படைப்பைத் தந்திருக்க வேண்டும். மறுஆண்டு வந்த தொகுப்பில் அதன் சுவடுகள் உள்ளன. ஆனால் மக்கள் மனப்பாடமாக ஒப்பிப்பது இன்றும் வங்கிக் காலப் பாடல்களைத்தான்.

அவரை வேறோரிடத்தில்தான் கண்டிக்க வேண்டும். புகழ்பெற்ற அப்பாடல்களின் வனாந்தரம் ஆளற்றது; மனிதனைச் சோதிக்கும் வெறும் பனிவெளி. ஆனால் டாசனின் ஆற்றங்கரை ட்ரோண்டெக் ஹ்வெச்சின் என்னும் பூர்வகுடி மக்களின் மீன்பிடி நிலம். தங்க வேட்டை மூண்டதும் அவர்களுடைய தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்புறமுள்ள மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். வந்தேறிகளின் நெருக்கடியில் தங்கள் பாடல்கள் அழிந்துபோகும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்துக் காக்கச் சொன்னார். சர்வீஸ் டாசனில் வாழ்ந்த காலத்தில் மூஸ்ஹைடு சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. வந்தேறிகளின் கதைகளை அத்தனை கூர்மையாகக் கேட்ட செவி, அந்தத் தொலைவைக் கடக்கவில்லை. யூக்கானை ஆளில்லா நிலமாக உலகம் கற்பனை செய்ததில் அவருடைய பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு.