கணினிக் கடிகை நூற்பாவும் உரையும்

வேரவன் ஒருவனே விதித்தற்கு உரியன்;
வலயம் முன்னர் வகுத்து, வலையின்
ஒத்திசை நிறுத்தி, உலகப் பொதுவினைக்
கருவினுள் ஓடும் கடிகையில் நாட்டி,
மின்கலம் காக்கும் கடிகையும் எழுதுக;
பின்செலல் தவிர்த்தல் பெருமுறை என்ப.

இஃது என் நுதலிற்றோ எனின், லினக்ஸ் இயங்குதளத்தில் கணினி நேரத்தைக் கையால் அமைக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

'வேரவன் ஒருவனே விதித்தற்கு உரியன்': வேரவன் என்றது ரூட் பயனரை. சூடோ வழி அவன் ஆணை பெற்றாரும் அவனுள் அடங்குவர். ஒருவனே என்னும் ஏகாரம் பிரிநிலை. ஏனைப் பயனரும் 'டேட்' கட்டளையால் நேரம் காண்பரன்றோ எனின், காண்டலை விலக்கிற்றிலர். 'விதித்தற்கு' என்றமையின் மாற்றுதலையே விலக்கினார். என்னை? ஒருவர் மாற்றின் அஃது அவர் ஒருவர்க்கே மாறாது, கணினி முழுமைக்கும் மாறும். கோப்புகளின் தேதியும், கிரான் பணிகளின் வேளையும், பாதுகாப்புச் சான்றிதழ்களின் செல்லுபடியும் அந்நேரத்தையே பற்றி நிற்றலின் என்க.

'வலயம் முன்னர் வகுத்து': வலயம், டைம்ஸோன். சென்னையிலிருப்பார்க்கு அஃது 'ஆசியா/கொல்கத்தா'. உலகப் பொதுநேரத்தின் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. முன்னர் என்றது வாளா கூறியதன்று. கட்டளையில் எழுதும் மணி, அப்பொழுது நிற்கும் வலயத்தின் மணியாகவே கொள்ளப்படும். ஆகலின் வலயம் பிழைபட நின்றுழி, சுவர்க்கடிகாரம் நோக்கிச் சரியாகவே எழுதினும் அகத்துள்ள உலகப் பொதுநேர எண் பிழைக்கும். பின்னர் வலயத்தைத் திருத்தியவழி அப்பிழை முகப்பிலும் தோன்றும்.

'வலையின் ஒத்திசை நிறுத்தி': இணையவழி என்டிபி ஒத்திசைவு ஓடுங்கால் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை கையால் இடும் நேரத்தை ஏலாது. எழுதி முடித்தபின் அதனை மீட்டும் எழுப்புக என்பது கூறாராயினும் வருவித்துரைக்க.

'உலகப் பொதுவினைக் கருவினுள் ஓடும் கடிகையில் நாட்டி': கரு, கர்னல். அதன் கடிகை திங்களும் நாளும் அறியாது. 1970 ஜனவரி 1, உலகப் பொதுநேர நள்ளிரவு முதலாக வினாடிகளை எண்ணுவதே அதன் தொழில். 'ஓடும்' என்னும் அடை, மின்சாரம் உள்ளதுணையும் ஓடி, அணைந்தவழி ஒழியும் என்பது குறித்து நின்றது.

அவ்வொழிவிற்கு மாற்றே 'மின்கலம் காக்கும் கடிகையும் எழுதுக' என்பது. இது தாய்ப்பலகையிலுள்ள ஆர்டிசி. பெரும்பாலும் சிஆர்2032 என்னும் காசு வடிவ மின்கலத்தால் இயங்குவது. கடிகையும் என்புழிக் கண்ணுருபு தொக்கது. உம்மை இறந்தது தழீஇய எச்சவும்மை. இந்நூற்பாவின் உயிர் இவ்வும்மையே. முன்னையதில் மட்டும் நாட்டி இதனை விடுவான், மறுமுறை கணினியை எழுப்புங்கால் பழம்பிழையையே காணவும் கூடும். 'உலகப் பொதுவினை' என்பதனை ஈண்டும் கூட்டுக. விண்டோஸ் இக்கடிகையில் உள்ளூர் நேரத்தை வைத்தலை இயல்பாக உடையது. ஆகலின் இரண்டு இயங்குதளமும் ஒரு கணினியில் உறையுமிடத்து, ஒன்று எழுதியதை மற்றொன்று ஐந்தரை மணி பிறழக் கொள்ளும். ராஸ்பெரி பை 4 போல்வன இக்கடிகை இல்லன. ஆண்டு இவ்வடி வேண்டா.

'பின்செலல் தவிர்த்தல் பெருமுறை என்ப': பின்செலல், கடிகை கடந்த நேரத்திற்கு மீளுதல். மீண்டவழி, இன்று திருத்திய மூலநிரல் நேற்றுத் தொகுத்ததனினும் பழையதாய்த் தோன்ற, 'மேக்' என்னும் தொகுப்புக் கருவி அதனைத் தொகுக்காது விடும். தவிர்க்குமாறு, கடிகையை மெல்ல நகர்த்துதல். லினக்ஸில் அதற்கு வழக்கமான எல்லை பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு வினாடிப் பிழை தீர 2,000 வினாடி செல்லும். எவ்வளவு பிழைப்பினும் மெல்ல நகர்த்துதலே முறை என்பார் கூற்றுப் பொருந்தாது. ஒரு மணிப் பிழை அவ்வாறு தீர 83 நாளின் மிகும். 'முழுமுறை' என்னாது 'பெருமுறை' என்றதனானே, சிறுபான்மை தாவித் திருத்தலும் உண்டென்பது பெற்றாம். என்டிபி ஒத்திசைவு நடத்தும் என்டிபிடி தானும் 128 மில்லிவினாடிக்கு மிக்க பிழையை இயல்பில் தாவியே திருத்தும். அங்ஙனம் தாவுங்கால், தரவுத்தளம் முதலிய பணிகள் எழுவதற்கு முன்னரே தாவுக.