உடனடிச் சிகிச்சை மையங்களில் தேவையற்ற ஆன்டிபயாடிக்: ஆய்வுகள் கூறுவது என்ன?

சளி, இருமல், தொண்டைவலியுடன் வரும் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் மருந்து தேவையா, இல்லையா என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டிய நிலையில் உடனடிச் சிகிச்சை மையங்களின் மருத்துவர்கள் உள்ளனர். அந்த முடிவு எவ்வளவு அடிக்கடி தவறுகிறது, அதைத் திருத்துவது எப்படி என்பது குறித்து மேற்கொள்ளப்பட்ட முக்கிய ஆய்வுகளின் விவரம் வருமாறு:

உடனடிச் சிகிச்சை மையம் என்றால் என்ன?

அமெரிக்காவில் பரவலாக உள்ள இம்மையங்கள், குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் இடைப்பட்டவை. முன்பதிவு தேவையில்லை. மாலை வேளைகளிலும் வார இறுதியிலும் இவை இயங்குகின்றன. காய்ச்சல், சுளுக்கு, சிறு காயம் போன்ற உயிருக்கு ஆபத்தில்லாத பாதிப்புகளுக்கு இங்கு சிகிச்சை அளிக்கப்படுகிறது. எக்ஸ்ரே, எளிய ரத்தப் பரிசோதனை வசதிகளும் பெரும்பாலும் உண்டு.

2018 ஆய்வின் முடிவு

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று, 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' மருத்துவ இதழில் 2018-இல் வெளியானது. 65 வயதுக்கு உட்பட்டவர்களின் 2014-ஆம் ஆண்டு காப்பீட்டுத் தரவுகள் அதில் ஆராயப்பட்டன.

சாதாரண சளி, வைரஸ் காய்ச்சல், மூச்சுக்குழாய் அழற்சி போன்ற, ஆன்டிபயாடிக் தேவைப்படாத சுவாசப் பாதிப்புகளுக்காக வந்தவர்களில், உடனடிச் சிகிச்சை மையங்களில் 45.7 சதவீதம் பேருக்கு அம்மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது. இந்த விகிதம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 24.6 சதவீதமாகவும், வழக்கமான கிளினிக்குகளில் 17 சதவீதமாகவும், கடைகளில் அமைந்துள்ள சிறு கிளினிக்குகளில் 14.4 சதவீதமாகவும் இருந்தது.

தவறு நேர்வது ஏன்?

ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை எதிர்ப்பவை. வைரஸ் மீது அவை செயல்படுவதில்லை. ஆனால், இரு வகைத் தொற்றின் தொடக்க அறிகுறிகளும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நோயாளியை மருத்துவர் முதன்முறையாகப் பார்க்கிறார்; அவர் மீண்டும் வருவாரா என்பதும் உறுதியில்லை. நிமோனியாவைத் தவறவிட்டு விடுவோமோ என்ற அச்சமும், மருந்தின்றி அனுப்பினால் நோயாளி அதிருப்தி அடைவார் என்ற எண்ணமும் மருந்துச் சீட்டில் ஆன்டிபயாடிக் இடம்பெறக் காரணமாகின்றன.

பலனளித்த வழிமுறைகள்

வியட்நாமின் ஹனோய் பகுதியில் உள்ள 10 ஆரம்ப சுகாதார மையங்களில், சுவாசத் தொற்றுடன் வந்த 2,037 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2016-இல் வெளியானது. விரல்நுனியில் எடுக்கும் ரத்தத் துளியில் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவைச் சில நிமிடங்களில் அறியும் பரிசோதனை ஒரு பிரிவினருக்குச் செய்யப்பட்டது. அவர்களில் 64 சதவீதம் பேரும், பரிசோதனை செய்யப்படாத பிரிவில் 78 சதவீதம் பேரும் இரு வாரங்களுக்குள் ஆன்டிபயாடிக் உட்கொண்டனர். குணமடைய எடுத்துக்கொண்ட காலம் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அமெரிக்காவின் இன்டர்மவுன்டன் மருத்துவமனைக் குழுமம், தனது 38 உடனடிச் சிகிச்சை மையங்களிலும் ஒரு தொலைமருத்துவ மையத்திலும் சீர்திருத்தத் திட்டம் ஒன்றைச் செயல்படுத்தியது. மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விழிப்புணர்வு அளிக்கப்பட்டதுடன், ஒவ்வொரு மருத்துவரும் தமது மருந்துச் சீட்டுப் போக்கை அறிந்துகொள்ளவும் வழிசெய்யப்பட்டது. சுவாசப் பாதிப்புகளுக்கு ஆன்டிபயாடிக் பரிந்துரைத்த விகிதம் 47.8 சதவீதத்திலிருந்து 33.3 சதவீதமாகக் குறைந்தது. எனினும், இது திட்டத்துக்கு முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும் ஒப்பிட்ட ஆய்வு என்பதும், 2020 ஜூனில் முடிவடைந்த அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் கொரோனா பரவல் இருந்தது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கவை.

இந்தியாவில் நிலை

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றுகளால் 2019-இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 'தி லான்செட்' இதழ் 2022-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியாவில், முக்கிய ஆன்டிபயாடிக் மருந்துகள் பல, 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'எச்1' அட்டவணையின் கீழ் வருகின்றன. இவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்பனை விவரங்களைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். லேசான காய்ச்சலுக்கும் வைரஸ் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆன்டிபயாடிக் தருவதைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2022 நவம்பரில் அறிவுறுத்தியது. ஆன்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கு மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் கடிதம் எழுதியது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

- மூச்சுக்குழாய் அழற்சியால் ஏற்படும் இருமல் இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை நீடிக்கலாம். இருமல் நீடிப்பது மட்டுமே ஆன்டிபயாடிக் தேவை என்பதற்கான அறிகுறி அல்ல.
- ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், எந்தத் தொற்றுக்காக, எத்தனை நாள்களுக்கு என்று மருத்துவரிடம் கேட்டறியலாம்.
- முன்பு மீதமான மாத்திரைகளையோ பிறருக்கு எழுதப்பட்டவற்றையோ உட்கொள்ளக் கூடாது.
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம் பாய்தல் ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.