மூன்றாவது குவியல்

நள்ளிரவில் கரைக்காற்றுக்குப் பாய் விரித்துப் போன தோணிகள் பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பும். சிப்பிகளை இறக்கி, வேலி அடைத்த 'கொட்டு'க்குள் கொண்டுபோவார்கள். குளியாளர்களே தங்கள் தோணியின் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். தங்களுக்கு எந்தக் குவியல் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. பிரித்து முடித்த பிறகு சர்க்கார் ஆள் வந்து ஒன்றைக் காட்டுவார். அது குளியாளருக்கு, மற்ற இரண்டும் சர்க்காருக்கு. தன் பங்கு எதுவென்று தெரியாதவன் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பான். மேலாண்மைப் படிப்பு என்ற ஒன்று உலகத்தில் தலைகாட்டாத காலத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரர் செய்த ஏற்பாடு இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தூத்துக்குடியில் முத்துக்குளித்த ஒருவரின் சம்பளம் அந்த மூன்றாவது குவியல்தான். அதுவும் முழுசாக அவர் கைக்கு வராது. தோணிக்காரருக்கு ஒரு பங்கு, தோணியை ஓட்டும் தண்டலுக்கு ஒரு பங்கு, மேலே நின்று கயிறு பிடித்தவருக்கு ஒரு பங்கு. மிஞ்சிய சிப்பிகளை அங்கேயே, திறக்காமலே, சில்லறைக்கு விற்றுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் வீடு போனார்கள். சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற சூதாட்டத்தை வாங்கியவர் ஆடிக்கொள்ளட்டும்.

சூதாட்டத்துக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. சர்க்காரின் இரண்டு குவியல்களும் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவர்கள் சிப்பிகளை நாள்கணக்கில் அழுக விட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தில் கழுவி அரித்து முத்தை எடுத்தார்கள். உண்மையான தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பித்தளையில் செய்த பத்துச் சல்லடைகள். அவற்றுக்குப் 'பெட்டி' என்று பெயர். 20, 30, 50, 80, 100 என்று போய் 1000 வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். இருபதாம் பெட்டியில் தங்குவது பெருமுத்து. ஆயிரத்தையும் தாண்டி விழுவது தூள். பெட்டி பிரித்த பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள்; தலைத்தரத்துக்கு ஆணி என்று பெயர்.

பிறகு எடை. முத்துக்கு விலை எடைக்கு நேராக ஏறுவதில்லை. எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. ஒரு மஞ்சாடி எடையுள்ள இரண்டு முத்துகள் ஒரு பக்கம், இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்து மறுபக்கம் என்றால், தராசு சமமாக நிற்கும். விலையோ ஒற்றை முத்துக்கு இரு மடங்கு. இதைத் தாளும் எழுதுகோலும் இல்லாமல் மனத்திலேயே போடத் தெரிந்தவர்கள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இருந்தார்கள். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிடம் மூச்சடக்கியவர் ஓலைக் கூரைக்குத் திரும்பினார். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர் மாடிவீடு கட்டினார். இந்தக் கரையின் வருமான வரலாற்றை இரண்டு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சம்பளம் என்ற சொல்லுக்குச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம் மேடைகளில் அடிக்கடி கேட்கும். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் அதற்குக் கைதட்டல் நிச்சயம். வழிநடைச் சோற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எதுவானாலும், முதல் நூற்றாண்டில் கொற்கையில் முத்தெடுத்தவர்களுக்கு இரண்டும் பொருந்தாது. பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று 'எரித்ரேயக் கடற்பயண நூல்' எழுதிய கிரேக்க வணிகர் குறித்திருக்கிறார். கூலியே இல்லாத வேலை.

கூலிக்கு ஆள் வைத்த கதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று. ஆக, செலவுக் கணக்கு தொடங்கும் முன்பே நூற்றுக்குப் பதினைந்து போய்விடும். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த மந்திரக்காரர் இல்லாமல் குளியாளர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதால், பின்னாளில் பிரிட்டிஷ் அதிகாரிகள்கூடச் சிரித்துக்கொண்டே அவருக்குப் படி அளந்தார்கள். இன்றைய சரக்குக் காப்பீட்டுப் பிரீமியத்தை நினைத்துக்கொண்டால் அந்தச் செலவு அவ்வளவு மூடத்தனமாகத் தோன்றாது.

1530களில் இந்தக் கரையில் முத்துக்குளித்த பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி மதம் மாறினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் வரி 'கல்' கணக்கில் விழுந்தது. குளியாளர் கடலடிக்கு இறங்கக் கட்டிக்கொள்ளும் அந்தக் கல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கணக்கு. சில ஆட்சியாளர்களுக்கும் தலைவர்களுக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன. கொடிகள் மாறின, கணக்குப்பிள்ளையின் நாற்காலி மட்டும் ஆடவில்லை. பேரேட்டையும் ஐந்தொகையையும் எழுதத் தெரிந்தவர் எந்தக் கம்பெனிக்கும் வேண்டியவர்தானே.

அந்தப் படிப்பு எங்கே கிடைத்தது? கடையில்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஏறியவர்களில் தோட்டக் கூலிகளும் இருந்தார்கள், நகரத்தார் கடைகளுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நகரத்தார் கடையில் ஏணி தெளிவானது: பெட்டியடிப் பையனாக நுழைந்து, அடுத்தாளாகி, ஒருநாள் கடையையே நடத்தும் ஏஜெண்ட் ஆகலாம். மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசி, ஒரு பகுதியை முன்பணமாகக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாடார் கடைகளில் பையன் கடையிலேயே தூங்கினான், சோறு முதலாளி வீட்டில். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொள்முதல், கடன், வசூல் மூன்றும் கைவந்த பிறகு சொந்தக் கடை. தேர்வு வைத்தவரும் பட்டம் கொடுத்தவரும் முதலாளிதான். தோற்றவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரயில் தூத்துக்குடிக்கு 1870களில் வந்தது. கரிசல் பருத்தி துறைமுகத்தில் குவிந்தது. ஆழமில்லாத கடல் என்பதால் கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பொதிகளைத் தோணிகள் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆர்வி சகோதரர்களின் கோரல் மில் எழுந்தது. முத்துக்குளிப்பில் இல்லாத ஒன்று மில்லில் இருந்தது: சங்கு ஊதினால் வேலை, நாள் குறித்துக் கூலி. கூலி மிகக் குறைவு, வேலை நேரம் மிக அதிகம். 1908 பிப்ரவரி கடைசியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது.

வ.உ.சி.யை எல்லாரும் தேசபக்தராகத்தான் படிக்கிறார்கள். தொழில்முனைவராகவும் ஒருமுறை பார்க்கலாம். ஒட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தர், பிறகு வக்கீல். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார்: மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். 25 ரூபாய் என்று பங்கின் முகமதிப்பை வைத்ததிலேயே திட்டம் தெரிகிறது: சிறு வணிகரும் வாங்கட்டும். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அது கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி பயணத்தை இலவசமாக்கி, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். நட்டத்தைத் தாங்க ஆழமான பை உள்ளவன் கட்டணப் போரில் ஜெயிப்பான் என்று இன்று எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அவருக்கு அதைப் பாடமாகக் கற்பித்தது கொழும்புக் கடல்.

1908 மார்ச்சில் கைது, பிறகு சிறை, செக்கு. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் தொழிலும் இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருப்பதாகத் தெரிந்து, 1915இல் தொடங்கி 1916 வரை அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவர் அந்தத் தொகைக்குத் தபால் பார்த்துக் காத்திருந்தார்.

ஊரின் அடுத்த முயற்சி நிதானமாக வந்தது. நாடார் மகாஜன சங்கத்தில் பேசி முடிவெடுத்து, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. சரக்கு மூட்டைக்கு இத்தனை காசு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிப் பழகிய சமூகத்துக்கு, சேர்ந்து பணம் போடுவது புதிதல்ல. 1937இல் வங்கி கொழும்பில் கிளை திறந்தது. இரண்டே ஆண்டில் மூடியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடியில்தான். கடை வேலையில் இல்லாத ஒன்று வங்கி வேலையில் இருந்தது. கணக்கு எழுதுகிற வேலைக்கு மாதச் சம்பளம், படிப்படியான ஊதிய உயர்வு, ஓய்வுகாலப் பணம். பேரேடு எழுதியவர் இனி முதலாளியின் முகத்தைப் பார்த்து நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

வணிகப் படிப்பு கடையிலிருந்து கல்லூரிக்கும் நகர்ந்தது. ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரியான சிடன்ஹாம், பம்பாயில் 1913இல் திறக்கப்பட்டது. தூத்துக்குடிப் பிள்ளைகள் வெகுகாலம் பாளையங்கோட்டைக்குத்தான் கல்லூரி தேடிப் போனார்கள். ஊருக்குள் பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி 1948இல் வந்தது. ஏ.பி.சி. வீரபாகு தொடங்கிய வ.உ.சி. கல்லூரி 1951இல். காமராஜ் கல்லூரி 1966இல். பி.காம். என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் சொல்லானது. மாலையில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்டு. பட்டம் கைக்கு வருவதற்குள் 'லோயர்', 'ஹையர்' இரண்டும் முடிந்திருக்கும். வங்கி கிளார்க் வேலை கிடைத்தால் பெண் கொடுக்க மூன்று ஊரிலிருந்து ஆள் வரும். கிடைக்காவிட்டால் ஆடிட்டர் அலுவலகம், உப்புக் கம்பெனி, ஷிப்பிங் ஆபீஸ். 1970களில் ஸ்பிக் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் வந்தபோது, கணக்குப் பிரிவில் ஒரு மேசை என்பது இன்னொரு கனவு.

இதற்கிடையில் முத்துக்குளிப்பு முடிந்துபோனது. 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த குளிப்பு 1961இல் நின்றது. சிப்பி விளையும் கடலடிப் பார்களில் சிப்பி அருகிவிட்டது. அதே 1961இல்தான் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் பிறந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை, ஆனால் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1973இல் தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினார்கள். ஊரின் வருமானம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது: 1974 ஜூலையில் புதிய துறைமுகம் நாட்டின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ.சி.யின் பெயர் வைத்தார்கள்.

இன்று ஊரில் வணிகப் படிப்பு முடித்தவர் வருமானம் பேசும்போது அட்டைகளைப் பற்றிப் பேசுவார். சுங்கத் தரகு வேலையில் எஃப், ஜி, எச் என்று மூன்று அட்டைகள். எச் அட்டைக்காரர் ஓடியாடி உதவுபவர். ஜி அட்டைக்காரர் தேர்வெழுதி, தரகர் பெயரில் சுங்கத்துறையில் கையெழுத்திடும் உரிமை பெற்றவர். எஃப் அட்டை சொந்தமாக உரிமம் எடுக்கத் தகுதியானவருக்கு. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமத் தேர்வுக்குப் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எம்.பி.ஏ. போன்ற ஒரு தொழிற்பட்டம் இருக்கலாம்; அல்லது ஜி அட்டையோடு இரண்டு ஆண்டு அனுபவம் இருக்கலாம். இரண்டையும் சட்டமே ஒரே தட்டில் வைத்துவிட்டது. கட்டணம் கட்டிப் படிக்கும் இரண்டு வருடமா, சம்பளம் வாங்கிக்கொண்டு கன்டெய்னர் கிடங்கில் அலையும் இரண்டு வருடமா என்ற கணக்கை ஊர்ப் பையன்கள் டீக்கடையிலேயே போட்டுவிடுகிறார்கள். பெரிய கம்பெனியின் மேலாளர் நாற்காலி வேண்டுமென்றால் முதல் வழி. சீக்கிரம் சொந்தப் பலகை மாட்ட வேண்டுமென்றால் இரண்டாவது.

அந்த அலுவலகங்களில் பித்தளைச் சல்லடைகளின் இடத்தில் எட்டு இலக்க எண்கள் இருக்கின்றன. கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாற வேண்டிய பெட்டி, சிறு கப்பல் புறப்படும் நேரத்துக்குள் துறைமுக வாயிலைத் தாண்ட வேண்டும். ஷிப்பிங் பில்லில் ஓர் இலக்கம் மாறினால் பெட்டி யார்டிலேயே நிற்கும், வாடகை ஏறும், தொலைபேசி ஓயாது. உப்புக்கான எண் 2501 என்று தொடங்கும்; தூத்துக்குடி ஏற்றுமதிக் கிளார்க்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முத்துக்கு 7101. அதைப் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.