கதவைத் திரும்ப மூடுபவர்கள்

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாகேஷா என்ற ஊரில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. சிவப்பு எஸ்யூவி ஒன்று கூட்டத்துக்குள் புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வண்டியை ஓட்டியவர் சில நாட்களுக்கு முன்புதான் ஆயிரம் டாலர் கட்டி ஜாமீனில் வெளியே வந்திருந்தார்.

அந்த ஆயிரம் டாலரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தொகை பொருத்தமற்ற அளவுக்குக் குறைவு என்று அரசு வழக்கறிஞர் அலுவலகமே ஒப்புக்கொண்டது. எனக்கு உறுத்தியது இன்னொரு எண். அந்த ஆள் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி வழக்கில் ஐநூறு டாலர் ஜாமீனில் இருந்தவர். அப்படி வெளியே இருந்தபோதுதான், ஒரு பெண்ணைக் காரால் மோதியதாக அடுத்த வழக்கு வந்தது. அதற்கு ஆயிரம் டாலர். ஐநூறு ஆயிரமானது, அவ்வளவுதான். ‘இந்த ஆளுக்குக் கொடுத்த விடுதலையைத் திரும்பப் பெற வேண்டுமா?’ என்ற கேள்வி அந்த எண்களுக்குள் எங்கோ தொலைந்துபோயிருந்தது.

மென்பொருள் வேலையில் ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும். ஒருவருக்கு அனுமதி கொடுப்பது சுலபம். கொடுத்ததை யார், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்று எழுதுவதுதான் கஷ்டம். ஒரு அமைப்பின் உண்மையான குணம் அங்கேதான் தெரியும். ஜாமீனின் வரலாற்றை நாம் வழக்கமாகக் கதவு திறந்த கதையாகச் சொல்கிறோம். திறந்த கதவைத் திரும்ப மூடும் உரிமை யாரிடம் இருந்தது என்று கேட்டால் வேறொரு கதை கிடைக்கிறது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அந்த உரிமையில் பெரும்பங்கு தனிமனிதரின் கையில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒருவர் பிணை நிற்பார். ஆள் வராவிட்டால் பணம் போகும். அதனால் பிணை நின்றவருக்குச் சட்டம் விசித்திரமான அதிகாரம் ஒன்றைத் தந்தது. 1872-ஆம் ஆண்டு வழக்காகக் குறிப்பிடப்படும் ‘டெய்லர் எதிர் டெய்ன்டர்’ தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விரிவாகவே எழுதி வைத்தது. பிணை நின்றவர் எப்போது வேண்டுமானாலும் ஆளைப் பிடித்துத் திரும்ப ஒப்படைக்கலாம். வேறு மாநிலத்துக்குத் துரத்திப் போகலாம். தேவைப்பட்டால் வீட்டுக் கதவை உடைத்தும் நுழையலாம். புதிதாக வாரண்ட் எதுவும் வேண்டாம். பிணையில் இருப்பது பழைய காவலின் தொடர்ச்சிதான் என்பது அதன் தர்க்கம்.

ஹாலிவுட் படங்களில் பார்க்கும் பவுண்ட்டி ஹன்ட்டர் இந்தத் தர்க்கத்தின் வாரிசு. பிணை நிற்பது பின்னால் வியாபாரமானது. வழக்கமாகத் தொகையில் பத்து சதவீதத்தை ஏஜென்ட்டிடம் கட்டணமாகக் கொடுத்தால் அவர் பிணை நிற்பார். ஆள் ஒழுங்காக நீதிமன்றம் வந்தாலும், நிரபராதி என்று தீர்ப்பானாலும் அந்தப் பத்து சதவீதம் திரும்ப வராது.

இல்லினாய் மாநிலம் இதை 1963-இல் உடைத்தது. அந்த ஆண்டு இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி பத்து சதவீதத்தை நேராக நீதிமன்றத்திலேயே கட்டலாம். வழக்கு முடிந்ததும் பெரும்பகுதி திரும்ப வரும். ஏஜென்ட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் நீதிமன்றம் தன் பங்குக்குக் கட்டிய தொகையில் பத்து சதவீதத்தை எடுத்துக்கொண்டது. 75 டாலர் கட்டிய ஒருவர், தன்னிடம் பிடித்த ஏழரை டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1971-இல் தோற்றார்.

ஏஜென்ட் போனார், பணம் போகவில்லை. பணம் இருக்கும்வரை கதவை மூட ஒரு சத்தமில்லாத வழி இருந்தது: தொகையை ஏற்றுவது. இவர் ஆபத்தானவர் என்று நீதிபதி சொல்ல வேண்டாம், சான்று கேட்க வேண்டாம். பத்தாயிரத்தை ஒரு லட்சமாக்கினால் போதும். இல்லாதவர் உள்ளே இருப்பார், இருப்பவர் கட்டிவிட்டு வெளியே போவார். ரத்து என்ற சொல்லே வராமல் ரத்து நடந்துவிடும்.

*

இதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொரு சோதனை நடந்தது. லூயிஸ் ஷ்வைட்சர் என்ற தொழிலதிபர், படிப்பால் வேதிப் பொறியாளர். ஜாமீன் கட்டப் பணமில்லாத இளைஞர்கள் விசாரணைக்காக மாதக்கணக்கில் சிறையில் காத்துக்கிடப்பதை அறிந்து அதிர்ந்தார். ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளைஞருடன் சேர்ந்து 1961-இல் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தைத் தொடங்கினார். சட்டக்கல்லூரி மாணவர்கள் கைதானவர்களிடம் கேள்விகள் கேட்பார்கள். எவ்வளவு காலமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள்? குடும்பம் இருக்கிறதா? வேலை? பதில்களுக்கு மதிப்பெண். போதுமான மதிப்பெண் வந்தால், பணமே வாங்காமல் விடலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரை போகும்.

அப்படி விடப்பட்டவர்களில் வேண்டுமென்றே வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இந்த முடிவு 1966-ஆம் ஆண்டு மத்திய ஜாமீன் சீர்திருத்தச் சட்டத்துக்கு வழி போட்டது. கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக 1979-இல் வந்த ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பில், நீதிபதி பகவதி மன்ஹாட்டன் திட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

மன்ஹாட்டன் திட்டம் கேட்டது ஒரே கேள்வி: இவர் திரும்ப வருவாரா? வெளியே இருக்கும்போது இன்னொரு குற்றம் செய்தால் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் அடுத்த சட்டங்கள் நுழைந்தன. தலைநகர் வாஷிங்டனுக்காக 1970-இல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், ஆபத்தானவர் என்ற காரணத்துக்காகவே விசாரணைக்கு முன் ஒருவரை அடைத்து வைக்க அனுமதித்தது. 1984-இல் ரீகன் காலத்துச் சட்டம் அதை மத்திய நீதிமன்றங்கள் அனைத்துக்கும் விரித்தது. விடுதலையில் இருப்பவர் பெருங்குற்றம் ஒன்றைச் செய்திருக்கலாம் என்று நம்பப் போதுமான காரணம் இருந்தால், அவரை வெளியே வைப்பது ஆபத்து என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பாரம் அவர் தலையில். 1987-இல் சலெர்னோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இந்தத் தடுப்புக்காவல் முறையை ஏற்றது. சுதந்திரமே இயல்பு, காவல் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றது.

*

மறுபடி மிச்சிகன் ஏரிக்கரைக்கு வருவோம். விஸ்கான்சினும் இல்லினாயும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். 2023 என்ற ஒரே ஆண்டில் இரண்டும் எதிரெதிர் திசையில் போயின.

வாகேஷாவின் காயம் ஆறாத விஸ்கான்சின், ஏப்ரல் மாதம் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தொகை குறிக்கும்போது பழைய தண்டனைகள் உள்ளிட்ட பலவற்றையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்றது. சுருக்கமாகச் சொன்னால், தொகை இன்னும் ஏறலாம்.

இல்லினாய் தொகையையே எடுத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டம் அது. 2022 தேர்தல் காலத்தில், கொலைகாரர்களெல்லாம் தெருவில் திரிவார்கள் என்று சமூக ஊடகங்களில் ஒரு பீதியே ஓடியது. திருத்தங்கள் வந்தன. அமலுக்கு வர இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கீழ் நீதிமன்றம் ஒன்று செல்லாது என்றது. ‘போதுமான பிணையின் பேரில் எல்லோரும் விடுவிக்கப்படத் தக்கவர்’ என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறதே, பணத்தை எப்படி எடுப்பது என்பது எதிர்ப்பவர்களின் வாதம். பிணை என்றால் பணம் என்று எங்கும் எழுதியில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் 5-2 என்று தீர்ப்பளித்தது. செப்டம்பர் 18 முதல், பண ஜாமீனை முழுதாக ஒழித்த முதல் மாநிலம் இல்லினாய்.

செய்திகள் அதோடு முடித்துக்கொண்டன. நான் அந்தச் சட்டத்தில் திரும்பத் திரும்பப் படித்தது ரத்து செய்யும் பிரிவைத்தான். தொகையை ஏற்றும் வழி அடைபட்டுவிட்டதால், கதவை எப்படி மூடலாம் என்று சட்டம் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெருங்குற்றம், அல்லது ஏறத்தாழ ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய ‘ஏ’ வகைச் சிறுகுற்றம்: இவற்றில் ஒன்றுக்காக வெளியே இருப்பவர்மீது, அதே அளவிலான இன்னொரு குற்றச்சாட்டு வந்தால் ரத்து கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் விசாரணை. அவருக்கு வழக்கறிஞர் உண்டு. எந்த நிபந்தனை போட்டாலும் இவரைத் தடுக்க முடியாது என்று தெளிவான, நம்பத்தக்க சான்றால் காட்டுவது அரசின் பொறுப்பு. புதிய வழக்கு தள்ளுபடியானால், ரத்தானதை மறுபடி பரிசீலிக்க வேண்டும்.

சரி, புதுக் குற்றம் எதுவும் இல்லை, நிபந்தனையை மட்டும் மீறினால்? வாய்தாவுக்கு வரவில்லை, போகக்கூடாத இடத்துக்குப் போனார். இதற்கு எச்சரிக்கையில் தொடங்கி அதிகபட்சம் 30 நாள் சிறை. அதற்கும் அரசு நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும். மீறல் நடந்தது. அது மீறல் என்று அவருக்குத் தெரியும். வேண்டுமென்றே செய்தார். நான்காவதைப் படித்தபோது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்: கையில் காசு இல்லாததால் அந்த மீறல் நடக்கவில்லை.

பஸ்ஸுக்குக் காசில்லாமல் வாய்தாவைத் தவறவிட்டவரைச் சட்டம் தன் வரிகளுக்குள் கொண்டுவந்திருக்கிறது. இத்தனை காலம் பணம் தீர்மானித்த இடத்தில், பணமின்மை ஒரு காரணமாக இருந்ததா என்று நீதிபதி கேட்டாக வேண்டும்.

இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. இரண்டாவது குற்றச்சாட்டும் வெறும் குற்றச்சாட்டுதானே? நிரூபணமாகாத ஒரு வழக்கில் வெளியே இருப்பவரை, நிரூபணமாகாத இன்னொரு வழக்கைக் காட்டி உள்ளே வைக்கிறோம். போலீஸ் அடிக்கடி சுற்றுகிற தெருவில் வசிப்பவர்மீது இரண்டாவது வழக்கு விழுவதற்கான வாய்ப்பும் அதிகம். எந்த விசாரணையும் இதை முழுதாகச் சரிசெய்துவிடாது. இன்னொரு பக்கம், வாகேஷாவில் கொல்லப்பட்டவர்களின் வீட்டில் போய் இந்த வாதத்தைச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

ஆனால் அவர்களுக்கும் அந்தத் தொகை எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் கேட்டிருந்தால், அந்த மனிதருக்காக யாராவது அதைக் கட்ட முடிந்ததா இல்லையா என்பதில்தான் ஆறு உயிர்கள் தொங்கியிருக்கும். இரண்டாவது வழக்கு வந்த அன்று, இந்த விடுதலை தொடரலாமா என்று இருதரப்பும் சான்றுகளோடு வாதாடியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. குறைந்தது, அந்தக் கேள்வி ஒரு அறையில் சத்தமாகக் கேட்கப்பட்டிருக்கும். யாராவது ஒருவர் தன் பெயரில் பதில் எழுதியிருப்பார்.