கால்வாய்ப் படகின் யந்திர அறை

இங்கிலாந்தின் மத்திய மாவட்டங்களில் நிலக்கரியையும் பீங்கானையும் தானியத்தையும் சுமந்து திரிந்த கால்வாய்ப் படகுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவற்றின் கதவுகளில் தீட்டப்பட்ட ரோஜா மலர்களையும், மதகுகளைக் கட்டிய பொறியாளர்களின் சாமர்த்தியத்தையும், படகுக்காரக் குடும்பங்களின் தரித்திரத்தையும் வியந்தும் இரங்கியும் பேசுவார்களேயன்றி, அக்குடும்பங்களின் செவிகளில் நாள் முழுவதும் மோதிக்கொண்டிருந்த யந்திரத்தின் இரைச்சலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. யந்திர அறையின் ஓசை வெளியே வராமல் அடைக்கும் வேலை இன்று அந்நாட்டில் படகு கட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்த ஒரு கலை. அது யாருக்காக, எந்தக் காலத்தில் தோன்றியது என்று விசாரித்துப் பார்த்தால், நீரின் மேல் பிறந்து நீரின் மேல் உழைத்த ஒரு சமூகத்தின் வாழ்க்கையில் எவரும் அளந்து பாராத ஒரு துன்பம் புலப்படுகிறது.

1761-ஆம் வருஷம் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயில் நிலக்கரிப் படகுகள் ஓடத் தொடங்கிய நாள் முதற்கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படகுகளை இழுத்தவை குதிரைகளே. சுமார் 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உடைய ஒடுங்கிய படகில் இருபத்தைந்து முப்பது டன் சரக்கை ஏற்றிவிட்டு, கரைப்பாதையில் நடக்கும் ஒரே குதிரை அதை இழுத்துச் செல்லும். குளம்பொலியும், கயிறு நீரில் உரசும் ஓசையும் தவிர அந்தப் பிரயாணத்தில் வேறு சப்தமில்லை. பின்னர் நீராவி வந்தது; ஆனால் கொதிகலனும் கரியும் சரக்குக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டபடியால், அதிவிரைவாகப் போக வேண்டிய சரக்குகளுக்கு மட்டுமே அது லாபகரமாக இருந்தது. நீராவி யந்திரத்தின் குற்றம் ஓசையன்று, புகை. பிளிஸ்வொர்த் என்னும் ஊரில் மலையடியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மைல் நீளத்துக்குக் குடையப்பட்ட சுரங்கப்பாதையினுள் 1861-இல் 'பீ' என்ற நீராவிப் படகு சென்றபோது, புகையில் மூச்சடைத்து இருவர் இறந்தனர். அதன்பின் காற்றோட்டத்துக்கான துவாரங்களில் கவனம் சென்றது. மூச்சுக்குக் காற்று வேண்டும் என்னும் பாடத்தைக் கால்வாய்கள் உயிர்ப்பலி கொடுத்துக் கற்றுக்கொண்டன.

இந்தப் பாடமே சட்டத்திலும் ஏறிற்று. ரயில்வேயின் போட்டியால் கூலி குறைந்து, படகுக்காரன் கரையில் வீடு வைத்துக்கொள்ள வகையின்றி மனைவி மக்களையும் படகிலேயே ஏற்றிக்கொண்ட காலம் அது. எட்டு அல்லது பத்தடி நீளமுள்ள பின்னறை ஒன்றில், அடுப்பும் படுக்கையும் பாத்திர அலமாரியும் மடக்குப் பலகைகளாக அடங்கியிருந்த அந்தச் சிறு கூண்டில், ஒரு முழுக் குடும்பம் ஜனித்து வளர்ந்தது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்த நிலைமையைக் கண்டு கொதித்து, இடைவிடாமல் எழுதியும் கிளர்ச்சி செய்தும் வந்ததன் பயனாக, 1877-லும் 1884-லும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றையொட்டி எழுந்த விதிகள், பின்னறையில் வயது வந்த ஒருவருக்கு 60 கன அடி காற்றும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 கன அடி காற்றும் இருக்க வேண்டுமென்று வரையறுத்தன. அதற்கும் மேலாக, துர்நாற்றமுள்ள சரக்கை ஏற்றும் படகில், சரக்கறைக்கும் மனிதர் வாழும் அறைக்கும் நடுவே ஒன்றல்ல, இரண்டு குறுக்குத் தடுப்புக்கள் இருக்க வேண்டும். அவற்றுக்கிடையே நான்கு அங்குலம் வெற்றிடம் விட வேண்டும் என்றும் அவை விதித்தன. இடைவெளிவிட்ட இரட்டைச் சுவர் என்பது ஓசையைத் தடுப்பதற்கும் மிகச் சிறந்த உபாயம் என்பதை எண்ணும்போது, அந்த விதி இன்னும் ஒரு தலைமுறை கழித்து எழுதப்பட்டிருக்கலாகாதா என்று என் மனம் ஏங்குகிறது. குதிரைகளின் காலத்தில் பிறந்த சட்டமாதலால், நாற்றத்தை நினைத்த அதற்கு நாதத்தை நினைக்கக் காரணமில்லாமற் போயிற்று.

யந்திரம் 1912-இல் வந்தது. ஃபெல்லோஸ், மார்ட்டன் அண்டு கிளேட்டன் என்ற பெரிய சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி, ஸ்வீடன் தேசத்துப் போலிண்டர் எண்ணெய் யந்திரத்தைத் தன் படகுகளில் வைக்கத் தொடங்கியது. அந்த யந்திரத்தின் சுபாவத்தைச் சற்று விவரிக்க வேண்டும். அது ஒற்றை உருளை கொண்டது. அதன் தலையில் இருக்கும் இரும்புக் குமிழை ஊதுவிளக்கினால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் காய்ச்சி, குமிழ் பழுக்கக் காய்ந்த பிறகு, கனமான ஃப்ளைவீலிலிருந்து நீட்டிய முளையைக் காலால் உதைத்து அதைக் கிளப்ப வேண்டும். உதைப்பவன் அஜாக்கிரதையாக இருந்தால் கால் போய்விடும். பின்னோக்கிச் செல்வதற்குக் கியர் கிடையாது. யந்திரத்தை ஏறக்குறைய நின்றுவிடும் தறுவாய்க்குக் கொண்டுவந்து, அது எதிர்ப்புறமாக உதைத்துக்கொண்டு சுழலுமாறு சரியான கணத்தில் எண்ணெயைச் செலுத்த வேண்டும். நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றுக்களே சுற்றும் அது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கனத்த அடியை அடித்து, சும்மா நிற்கும்போது இரண்டடி அடித்து ஓரடி விட்டு, விட்டதைச் சேர்த்து மறுபடி அடித்து, ஒழுங்கற்ற ஒரு தாளத்தை ஓயாமல் கிளப்பிக்கொண்டிருந்தது. புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு நேரே மேலே சென்றது. சுக்கான் பிடிப்பவனுக்குச் சில அடி தூரத்தில், அவனுடைய முகத்துக்கு எதிரே, அந்த ஓசை விடுதலை பெற்றது.

இந்த யந்திரத்தை எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம். சரக்கறையில் இடம் குறையக் கூடாது. சுழலித் தண்டும் வெகு நீளமாக இருக்கக் கூடாது. ஆகவே குடும்பம் வாழும் பின்னறையை ஒட்டினாற்போல அதற்கு முன்புறத்தில் யந்திர அறை அமைந்தது. நடுவே இருந்தது ஒரு மரப்பலகைத் தடுப்பு. சுழலித் தண்டோ பின்னறையின் தரைக்கு அடியிலேயே ஓடிற்று. யந்திரம் கனத்த விட்டங்களின் மேல் இரும்பு முளைகளால் இறுக்கப்பட்டிருந்தபடியால், அதன் ஒவ்வோர் அடியும் மரத்தின் வழியே கட்டிலுக்கும் அலமாரிக்கும் பரவியது. முப்பதுகளில் கிராண்டு யூனியன் கால்வாய்க் கம்பெனியின் சரக்குப் பிரிவு, ரஸ்ஸல் நியூபெரி, நேஷனல் என்ற உள்நாட்டு டீசல் யந்திரங்களைப் பொருத்திப் பெருந்தொகையான புதிய படகுகளைக் கட்டியபோதும், இந்த அமைப்பு மாறவில்லை.

படகுக்காரர்கள் இதைப் பற்றிக் குறை கூறவில்லையா என்று கேட்கலாம். அவர்களுக்கு யந்திரத்தின் ஓசை ஒரு பாஷையாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. வளைவுக்கு அப்பாலிருந்து வரும் படகு எதுவென்று அதன் தாளத்தைக் கொண்டே அவர்கள் அறிந்துகொண்டனர். கால்வாயின் அடியில் கிடக்கும் கந்தலோ கயிறோ சுழலியில் சிக்கினால், யந்திரத்தின் குரல் கம்முவது கொண்டே சுக்கான் பிடிப்பவள் தெரிந்துகொண்டாள். ஆயினும், தொழிலுக்கு வேண்டிய ஓசை வேறு, தொட்டிலில் தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் பகலெல்லாம் அடிக்கும் ஓசை வேறு. கொதிகலன் செய்யும் தொழிலாளிகள் செவிடாகிறார்கள் என்பதைக் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார் 1886-ஆம் ஆண்டிலேயே பரிசோதித்து வெளியிட்டிருந்தார். அந்த அறிவு ஆலையிலிருந்து கால்வாய்க் கரைக்கு வந்து சேரவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆட்பஞ்சம் ஏற்பட்டு, மத்தியதர வகுப்பைச் சேர்ந்த இளம்பெண்கள் பயிற்சி பெற்றுப் படகு ஓட்ட வந்தார்கள். யந்திரப் படகு ஒன்றும் அது இழுத்துச் செல்லும் துணைப்படகு ஒன்றும் சேர்ந்தது ஒரு ஜோடி. மூன்று பெண்கள் ஒரு ஜோடிக்கு. ஐம்பது டன் சரக்கை லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்குக் கொண்டு சென்று, திரும்புகையில் கவென்ட்ரிப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த அவர்கள், கைச் சைகைகளைக் கொண்டே ஒரு படகிலிருந்து மறு படகுக்குப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான எமா ஸ்மித் எழுதிய 'மெய்டன்ஸ் ட்ரிப்' 1948-இல் வெளியாயிற்று. அதற்கு முன்பே, 1939-இல் 'க்ரெஸ்ஸி' என்ற படகைத் தம் இல்லமாக்கிக்கொண்டு புறப்பட்ட எல். டி. சி. ரோல்ட் எழுதிய 'நாரோ போட்' என்னும் நூல் 1944-இல் வெளிவந்து, கால்வாய்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற இயக்கத்துக்கு வித்திட்டது. இரண்டு ஆண்டுகளில் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. உல்லாசப் பிரயாணம் செய்கிறவர்கள் வந்தார்கள். உழைத்து வாழ்ந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்ததோடு சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பு முறிந்தது. லண்டனை அடுத்த சௌத்தால் ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டு சென்ற கடைசி நீண்டகால வியாபாரமும் 1970-இல் நின்றது.

ஓசையை அடைக்கும் கலை வளர்ந்தது இதற்குப் பிறகுதான். வாடகைக்கு விடுவதற்காக எஃகில் கட்டப்பட்ட படகுகளில், டர்ஸ்லி ஊரின் லிஸ்டர் கம்பெனி செய்த, காற்றினால் குளிரும் இரட்டை உருளை யந்திரங்கள் ஏராளமாகப் பொருத்தப்பட்டன. பழைய யந்திரத்தின் ஆழ்ந்த மந்தமான அடி போய், நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுக்களில் எழும் கடகடப்பு வந்தது. சூழ இருக்கும் நீர் உறையும் இல்லாமையால் அது தடையின்றி வெளிப்பட்டது. மரத்துக்குப் பதிலாக எஃகுத் தகடு வந்ததும், படகு முழுவதும் ஒரு பறையின் தோலைப் போல அதிரத் தொடங்கியது. ஒரு வாரம் ஓய்வு நாடிப் பணம் கொடுத்து வந்தவர்கள் இதைச் சகிக்கவில்லை. அவர்களுடைய அதிருப்திக்குச் செவிசாய்க்க ஆள் இருந்தது.

ஓசை இரண்டு வழிகளில் செல்கிறது, ஒன்று காற்று, மற்றது இரும்பு. இரண்டையும் தனித்தனியே மறிக்க வேண்டும் என்பதே கைவினைஞர்கள் கண்ட முதல் உண்மை. இரும்பின் வழியை மறிக்க, யந்திரத்தை விட்டங்களோடு இறுக்காமல் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தி, அது அசைந்தாலும் சுழலித் தண்டு நெளியாதபடி இடையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு ஒன்றையும் வைத்தார்கள். காற்றின் வழியை மறிப்பதற்கு எடை வேண்டும். மெல்லிய பஞ்சை மட்டும் ஒட்டினால் அறைக்குள் எதிரொலி குறையுமே தவிர, ஓசை வெளியே போவது குறையாது. தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகையால் இரண்டு நுரைப்பஞ்சு அடுக்குகளுக்கு நடுவே ஈயத் தகட்டை வைத்துத் தைத்த பலகைகள் வழக்கத்துக்கு வந்தன. பிற்காலத்தில் ஈயத்தின் இடத்தைக் கனிமப்பொடி கலந்த கனத்த வினைல் தாள் பிடித்துக்கொண்டது. எண்ணெய் ஊறிய பஞ்சு தீப்பற்றிக்கொள்ளும் என்ற அபாயத்தை உணர்ந்தவர்கள், எளிதில் எரியாத நுரையையும், எண்ணெய் புகாத மேலுறையையும் நாடினார்கள்.

இவ்வளவையும் செய்த பின்னும் அவர்களை மலைக்கச் செய்தது காற்றுத் துவாரமே. ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் யந்திரம் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும்போது, ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்றை அந்த ஒரே நிமிஷத்தில் உறிஞ்சுகிறது. வெப்பத்தை வெளியேற்றவும் காற்று வேண்டும். அறையை முற்றிலும் அடைத்தால் யந்திரம் திணறும். திறந்து வைத்தால் ஓசை தப்பிவிடும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எவ்வளவு கனமாயினும் 20 டெசிபலுக்கு மேல் அது ஓசையைக் குறைக்காது. பலகையின் ஓரத்திலுள்ள சிறு சந்துக்காக நல்ல படகுக் கொல்லர்கள் நாள் முழுவதும் மெனக்கெடுவதன் காரணம் இதுவே. காற்று வரும் வழியை நேராக விடாமல் இரண்டு மூன்று முறை மடக்கி, அந்த மடக்கு வழியின் உட்புறமெங்கும் பஞ்சு ஒட்டினால், காற்று வளைந்து வந்துவிடும். ஓசை ஒவ்வொரு திருப்பத்திலும் மோதி மெலியும். அறிவும் பொறுமையும் கூடிய இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். விலையுயர்ந்த பொருளால் அல்லாமல், வழியை எண்ணிப் பார்த்த சிந்தனையால் பிறந்தது அது.

போலிண்டருக்கு இதில் எதுவும் பொருத்த முடியாததன்று. பலகையும் கம்பளியும் மணலும் ஈயமும் 1912-இல் கிடைக்காத பொருள்களல்ல. படகுக்காரியின் அறைக்கு இரட்டைத் தடுப்பு வைக்க நான்கு அங்குலம் போதும். அந்த நான்கு அங்குலமும் சரக்கின் இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டியதாயிருந்தது. நாற்றத்துக்காகச் சட்டம் கேட்டபோது முதலாளிகள் கொடுத்தார்கள். ஓசைக்காக எவரும் கேட்கவில்லை.

இன்று கால்வாய்களில் வசிக்கிறவர்களுக்கும் கரைவாசிகளுக்கும் இடையே வழக்கு மூளாதபடி, நிறுத்தியிருக்கும் படகில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை யந்திரத்தை ஓட்டலாகாது என்ற விதி இருக்கிறது. மின்கலங்களும் மோட்டாரும் பொருத்திய படகுகளும் பெருகி வருகின்றன. அவற்றின் மூதாதை ஒன்று ஹேர்காஸ்டில் சுரங்கப்பாதையில் இருந்ததைச் சிலரே நினைவுகூர்கிறார்கள். புகை சூழாதிருக்கும் பொருட்டு, 1914 முதல் 1954 வரை நாற்பது ஆண்டுகள், மின்சாரத்தால் இயங்கும் ஓர் இழுபடகு அங்கே மற்றப் படகுகளைக் கட்டி இழுத்துச் சென்றது. பிறகு அதை ஓய்வு கொள்ளச் செய்து, தென்வாயிலில் பெரிய விசிறிகளை அமைத்துவிட்டார்கள். படகுகள் உள்ளே நுழைந்ததும் அவ்வாயிலின் கதவை மூடி விசிறிகளைச் சுழலவிடுகிறார்கள். காற்று கிடைத்துவிட்டபடியால், டீசல் படகுகள் தத்தம் யந்திரத்தின் இரைச்சலுடனேயே ஒன்றரை மைலுக்கு மேற்பட்ட அந்த இருளைக் கடந்து செல்கின்றன.