பவுண்டேசன் (தொலைக்காட்சித் தொடர்)

பவுண்டேசன் என்பது ஐசாக் அசிமோவின் அதே பெயருடைய அறிபுனைப் புதின வரிசையைத் தழுவிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகும். ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழித் தொலைக்காட்சிச் சேவையில் 2021 செப்டம்பர் 24 அன்று இது தொடங்கியது.

நீண்ட எதிர்பார்ப்பு

1942 முதல் இதழொன்றில் சிறுகதைகளாக வெளிவந்த இப்புனைவு, 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாகத் தொகுக்கப்பட்டது. 1973 இல் பிபிசி இதனை எட்டுப் பகுதிகள் கொண்ட வானொலி நாடகமாக ஒலிபரப்பியது. பின்னர் கொலம்பியா பிக்சர்ஸ் திரைப்படமாகவும் எச்பிஓ தொடராகவும் எடுக்க முயன்றும் நிறைவேறவில்லை. 2018 இல் ஆப்பிள் பத்துப் பகுதிகளைத் தயாரிக்க முன்வந்தபோது வாசகரிடையே ஆவலோடு ஐயமும் எழுந்தது.

ஐயத்திற்குக் காரணம் உண்டு. பேரரசின் வீழ்ச்சியைக் கணிதத்தால் முன்கணிக்கும் ஹாரி செல்டன், 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டாகக் குறைக்கத் திட்டமிடுகிறார். கதை பல பத்தாண்டுகளைத் தாண்டிச் செல்வதால் ஒரு பகுதியின் மாந்தர் அடுத்ததில் இருப்பதில்லை. போர்களும் பெரும்பாலும் உரையாடல் வழியாகவே தெரியவருகின்றன.

தழுவல்

இதற்குத் தீர்வாக, பேரரசர் கிளியோனின் உயிர்நகல்களான சிறுவர், நடுவயதினர், முதியவர் என மூவர் வழிவழியாக ஆள்வதாகத் தொடர் அமைக்கப்பட்டது. இதனால் நூற்றாண்டுகள் கடந்தும் அதே நடிகர்கள் தோன்ற முடிகிறது. புதினத்தில் இல்லாத இவ்வமைப்பே தொடரின் வலுவான பகுதி எனலாம்.

மாறாக, செல்டனின் கணிதம் மக்கள்திரளுக்கே பொருந்தும், தனியாளுக்கன்று என்பது அசிமோவின் அடிப்படைக் கருத்து. தொடரிலோ கேல் டோர்னிக் எனும் பெண் எதிர்காலத்தை உணரும் ஆற்றல் பெற்றவர். புதினத்தில் வன்முறையைத் தவிர்க்கும் நகரத் தலைவரான சால்வர் ஹார்டின், தொடரில் துப்பாக்கி ஏந்திய காவலராக வருகிறார்.

2025 இல் வெளியான மூன்றாம் பருவத்தில், செல்டனின் கணிதத்தால் முன்னறிய முடியாத தனிமனிதனான மியூல் முதன்மை எதிரியாக இடம்பெறுகிறான்.